வீட்டுக் கணினிக்கும் தணிக்கை வேண்டும்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நிலையை அதன் கட்டடத்திற்கு அடித்திருக்கும் வெள்ளையைக் கொண்டு எவரும் மதிப்பிடுவதில்லை. ரொக்கப் புத்தகத்தைப் பார்க்கிறோம், கையிருப்பை எண்ணுகிறோம், தவணை தவறிய கடன் எவ்வளவு என்று கணக்கிடுகிறோம், சரக்கிருப்பை ஏட்டோடு ஒத்துப் பார்க்கிறோம். அதன் பின்னரே, ‘சங்கம் நலமாக இருக்கிறது’ என்றோ, ‘இன்ன இடத்தில் குறை இருக்கிறது’ என்றோ எழுதுகிறோம். இம்முறை சங்கத்திற்கு மட்டும் உரியதன்று. நம் அங்கத்தினர்களின் இல்லங்களில் இன்று இடம்பெற்றுள்ள கணினிக்கும் இது முற்றிலும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதன் பயனாக, அதற்கு முன் கணினியைக் கடைக் கண்ணாடிக்கு அப்பால் மட்டுமே கண்டிருந்த பல உழவர் இல்லங்களிலும் நெசவாளர் இல்லங்களிலும் அது வந்து சேர்ந்தது. பெற்ற பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குச் சென்றுவிட்டனர். கணினியோ வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்று அதில் சிட்டா, அடங்கல் பிரதிகள் இருக்கின்றன. நகைக் கடன் ரசீதின் படம் இருக்கிறது. மகளிர் குழுவின் வரவுசெலவு இருக்கிறது. சேலைக் கரையின் மாதிரிப் படங்கள் இருக்கின்றன. இளைய பிள்ளையின் பாடங்களும் இருக்கின்றன. இத்தனையையும் சுமந்து நிற்கும் பொருளை நாம் என்றேனும் சோதித்துப் பார்த்ததுண்டா? அது நின்றுபோகும் நாளில்தான் அதன் நலம் பற்றிய நினைவு நமக்கு வருகிறது.

நெசவாளருக்கு இது அன்னியமன்று

கணினி என்றதும், ‘அது படித்தவர்களின் பொருள்’ என்று ஒதுங்கும் நெசவாளர் சிலர் உளர். அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1804ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு இழைகளைத் தூக்கியும் விட்டும் பூவேலை நெய்யும் பொறியை அமைத்தார். துளை இருக்கும் இடத்தில் ஒரு செயல். இல்லாத இடத்தில் வேறு செயல். இதே முறையைத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் 1830களில் வகுத்த கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் என்பார் துளையட்டைகளைக் கொண்டே விரைந்து தொகுத்தார். ஆகவே கூறைநாட்டுத் தறியில் தொங்கும் அட்டைக் கோவையும் மேசை மேல் இருக்கும் கணினியும் தூரத்து உறவினர்களே. தறியில் ஓர் அட்டை கிழிந்தால் சேலை முழுவதிலும் பூ பிசகுவதை அறிந்தவருக்கு, கணினியின் வட்டில் ஓர் இடம் பழுதுபட்டால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வேகம் வேறு, நலம் வேறு

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். கணினி மெதுவாக வேலை செய்வது ஒன்று. அது கெட்டுப்போகும் நிலையில் இருப்பது மற்றொன்று. மெதுவாக ஓடும் கணினி பல ஆண்டுகள் உழைக்கக் கூடும். விரைவாக ஓடும் கணினி நாளை காலையில் திறக்காமலும் போகலாம். இலாபம் குறைந்த சங்கமெல்லாம் நொடித்த சங்கமன்று. இலாபம் காட்டும் சங்கமெல்லாம் பத்திரமானதுமன்று. அவ்வாறே இங்கும்.

வேகத்தை முடிவு செய்வன மூன்று உறுப்புகள். கணக்கிடும் செயலி ஒன்று. வேலை நடக்கும்போது தகவலை ஏந்தி நிற்கும் நினைவகம் மற்றொன்று. எல்லாவற்றையும் நிலையாக வைத்திருக்கும் வட்டு மூன்றாவது. செயலியை நெய்பவராகவும், நினைவகத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் தார்க் கூடையாகவும், வட்டினை நூல் அறையாகவும் கொள்ளலாம். கூடை சிறிதாக இருந்தால் நெய்பவர் அடிக்கடி நூல் அறைக்கு எழுந்து போக வேண்டும். அறைக்குச் செல்லும் வழியும் குறுகலாக இருந்துவிட்டால், எத்தனை கைதேர்ந்தவரானாலும் தறி நின்றுநின்றுதான் ஓடும்.

முதற் சோதனை: எந்த உறுப்பு திணறுகிறது?

விண்டோஸ் உள்ள கணினியில் இதனை அறியச் செலவு ஏதுமில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பலகை திறக்கும். செயலி, நினைவகம், வட்டு ஆகிய ஒவ்வொன்றும் நூற்றுக்கு எவ்வளவு வேலையில் ஈடுபட்டிருக்கிறது என்பதை அது காட்டும். கணினியைத் திறந்து, பத்து நிமிடம் சும்மா விட்டு, அதன்பின் இந்த எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வழக்கமான வேலையைத் தொடங்கி மீண்டும் குறிக்க வேண்டும். இரண்டு குறிப்பும் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

சும்மா இருக்கும்போதே செயலி பாதிக்கு மேல் உழைத்தால், நாம் அறியாத ஏதோ ஒரு மென்பொருள் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நினைவகம் எப்போதும் நூற்றுக்குத் தொண்ணூறைத் தொட்டு நின்றால் கூடை சிறிது. செயலியும் நினைவகமும் ஓய்வாக இருக்க, வட்டு மட்டும் நெடுநேரம் நூறு விழுக்காட்டில் நின்றால் நூல் அறையின் வழி குறுகல்.

சீர்காழி வட்டத்தில் ஒரு நெசவாளர் இல்லத்தில் இதற்கு நல்ல உதாரணம் ஒன்றைக் கண்டோம். அவர் மகள் பள்ளியில் பெற்ற மடிக்கணினி திறப்பதற்கே பத்து நிமிடம் பிடித்தது. பழுது பார்க்கும் கடையில், புதிது வாங்குவதே வழி என்று சொல்லியிருந்தார்கள். “ஐயா, இது தேறுமா? இல்லையென்றால் தறிக்கு வைத்திருக்கும் பணத்தைத்தான் எடுக்க வேண்டும்” என்றார் அவர். பலகையைத் திறந்து பார்த்தபோது செயலி ஓய்வாக இருந்தது, நினைவகத்திலும் இடமிருந்தது, வட்டு மட்டும் நூறில் நின்றது. சுழலும் பழைய வட்டை எடுத்துவிட்டு, சுழலாத திண்மநிலை வட்டு ஒன்றை வைத்த பின்னர் அக்கணினி ஒரு நிமிடத்திற்குள் திறந்தது. செலவு, புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பங்கே ஆயிற்று. தறிக்கு வைத்த பணம் தறிக்கே சென்றது.

இதன் காரணம் எளிது. பழைய வட்டு உண்மையாகவே சுழலும் தகடு. மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 சுற்றுச் சுழலும். வேண்டிய தகவல் இருக்கும் இடத்திற்கு ஒரு சிறு கை நகர்ந்து சென்று படிக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் சிறு தகவல்களை அது ஒரு நொடியில் நூறு இடங்களிலிருந்து எடுத்தாலே பெரிது. திண்மநிலை வட்டில் நகரும் உறுப்பு இல்லை. அதே நொடியில் பல்லாயிரம் இடங்களிலிருந்து எடுத்துத் தரும்.

செலவின்றிச் செய்யத்தக்கவையும் உண்டு. அதே பலகையில் ‘ஸ்டார்ட்டப்’ என்னும் பகுதியில், கணினி திறக்கும்போதே தாமாகத் தொடங்கும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கும், வேண்டாதவற்றை நிறுத்திவிடலாம். வட்டில் நூற்றுக்குப் பதினைந்து பங்கேனும் காலியாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ செய்வதும் நன்று. அண்மைக்கால விண்டோஸில் ‘ஷட் டவுன்’ செய்வது முழு ஓய்வன்று. அடுத்த முறை விரைவாகத் திறப்பதற்காகத் தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்தே அது உறங்குகிறது. ‘ரீஸ்டார்ட்’ ஒன்றே அதனை முதலிலிருந்து தொடங்கச் செய்யும்.

இரண்டாவது சோதனை: வட்டின் நலம்

வேகத்தைப் பார்த்தபின் நலத்தைப் பார்க்க வேண்டும். வட்டுகள் தம் குறைகளைத் தாமே குறித்து வைக்கும் ஏடு ஒன்றை உள்ளேயே கொண்டுள்ளன. அதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடங்கள் பழுதுபட்டு விலக்கப்பட்டன, எத்தனை இடங்கள் படிக்க இயலாமல் ஐயத்தில் நிற்கின்றன என்பவை அதில் பதிவாகும். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ போன்ற இலவச மென்பொருள் இந்த ஏட்டைப் படித்து, நலமெனில் நீலமும், எச்சரிக்கையெனில் மஞ்சளும், கேடெனில் சிவப்பும் காட்டும். மஞ்சள் கண்டால் பழுது பார்க்கும் கடைக்கு ஓடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, உள்ளே உள்ளவற்றைப் பிரதி எடுப்பதேயாகும்.

நீலம் கண்டால் நிம்மதியாக உறங்கலாமா? கூடாது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வட்டுகளைக் கவனித்து 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழையைக் காட்டிய வட்டு, பிழை காட்டாத வட்டைவிட அடுத்த 60 நாட்களுக்குள் கெடும் வாய்ப்பு 39 மடங்கு மிகுதி என்று அவர்கள் கண்டனர். ஆனால் அதே ஆய்வில் வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. கெட்டுப்போன வட்டுகளில் நூற்றுக்கு 36க்கு மேற்பட்டவை, வெப்பநிலை நீங்கலாக வேறு எந்த எச்சரிக்கைக் குறியையும் முன்னதாகக் காட்டவில்லை.

தணிக்கைத் துறையில் பழகிய எவரும் இதனைக் கேட்டு வியப்படைய மாட்டார். குறை கண்டால் குறை உண்டு என்பது உறுதி. குறை காணாவிட்டால் குறையே இல்லை என்பது உறுதியன்று. தணிக்கைச் சான்று பெற்ற சங்கமும் கையிருப்புப் பெட்டியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

மூன்றாவது சோதனை: வெப்பம், தூசு, மின்கலம்

நம் பகுதியின் இயல்பு இங்கே கவனிக்கத்தக்கது. நெசவு நடக்கும் வீட்டில் பஞ்சுத் துகள் காற்றில் மிதக்கும். அறுவடைக் காலத்தில் களத்துத் தூசும் பதரும் வீட்டினுள் வரும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் காற்றிலேயே உப்பும் ஈரமும் உண்டு. கணினியின் உள்ளே உள்ள விசிறி இவற்றையெல்லாம் இழுத்து, வெப்பம் வெளியேறும் வழியில் பஞ்சு மெத்தை போல் படிய வைத்துவிடுகிறது. வெப்பம் மிகுந்தால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடிய கணினி அரை மணி நேரத்தில் தளர்ந்து, விசிறியும் இரைந்தால், காரணம் பெரும்பாலும் தூசுதான். ஆண்டுக்கு ஒருமுறை அறிந்தவரைக் கொண்டு உள்ளே துப்புரவு செய்ய வேண்டும். மடிக்கணினியை மெத்தை மீதும் துணி மீதும் வைத்து வேலை செய்யலாகாது. அடியில் உள்ள காற்று வழி அடைபடும்.

மின்கலத்தைச் சோதிக்கவும் விண்டோஸில் வழியுண்டு. ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்னும் கறுப்புப் பலகையில் ‘பேட்டரி ரிப்போர்ட்’ கட்டளையைப் பிள்ளைகளைக் கொண்டு இடச் செய்தால் ஓர் அறிக்கை கிடைக்கும். அதில் இரண்டு எண்கள் முக்கியமானவை. ஒன்று, புதிதாக இருந்தபோது கொள்ளவேண்டிய அளவு. மற்றொன்று, இப்போது முழுமையாக ஏற்றினால் கொள்ளும் அளவு. முதலாவது 40,000 என்றும் இரண்டாவது 18,000 என்றும் இருந்தால், மின்கலத்தின் நலம் நூற்றுக்கு 45 மட்டுமே. நெடுநேரம் மின்சாரம் நின்றுபோகும் ஊரில் இருப்பவர் மாற்றுவதற்கு ஆயத்தமாக வேண்டியதுதான். மின்கலம் உப்பி, விசைப்பலகையோ அடிப்பலகையோ மேலெழும்பக் கண்டால் உடனே உபயோகத்தை நிறுத்த வேண்டும். அதனைக் குத்துவதும் அழுத்துவதும் தீ விபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

மேசைக் கணினி வைத்திருப்போர், நிலத்தொடர்பு சரியாக உள்ள மின்வாயிலையே உபயோகிக்க வேண்டும். இடைவிடா மின்வழங்கி இருப்பின், ஆறு மாதத்திற்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, அது எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு

உறுப்புகள் யாவும் நலமாக இருந்தும் கணினி பத்திரமற்றதாகலாம். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்று நின்றன. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதில் பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. ஆதரவு முடிந்தபின் கணினி ஓடத்தான் செய்யும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. கரை உடைந்த இடம் தெரிந்தும் மண் போடாமல் விட்ட வாய்க்காலின் நிலைதான் அது. அதன் வழியே வங்கிப் பணத்தைக் கையாளுதல் நன்றன்று.

விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும், குறைந்தது 4 ஜிபி நினைவகமும், அண்மைக்காலச் செயலியும் கேட்கிறது. அதற்காக அக்கணினியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகைகள் உள்ளன. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்பதும் அவற்றுள் ஒன்று. கடிதம் எழுதவும், கணக்கு வைக்கவும், பிள்ளைகள் படிக்கவும் அவை போதும். உண்மையாகவே பயனற்றுப்போன கணினியைக் குப்பையில் எறிவதும் கொளுத்துவதும் கூடாது. மின்கழிவு சேகரிக்கும் அங்கீகாரம் பெற்றவரிடமே சேர்ப்பிக்க வேண்டும்.

பொய்த் தணிக்கையாளர்கள்

கணினியின் நலம் பற்றிய அச்சத்தை முதலாக வைத்துக் கொள்ளையடிப்போரும் உளர். இணையத்தில் ஏதேனும் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரை சிவந்து, ‘உங்கள் கணினியில் ஐந்து கிருமிகள், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று ஓசையுடன் ஓர் அறிவிப்பு தோன்றும். அழைத்தால் நயமாகப் பேசி, கணினியைத் தொலைவிலிருந்தே தம் கைவசப்படுத்தி, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எந்த எச்சரிக்கையிலும் தொலைபேசி எண் இருப்பதில்லை என்பதை அங்கத்தினர்கள் உறுதியாக நினைவில் கொள்ளட்டும். அத்தகைய திரை தோன்றினால் உலாவியை மூடிவிட வேண்டும். மூட இயலாவிடின் கணினியையே நிறுத்திவிடலாம். பணம் இழந்தோர் ஒரு கணமும் தாமதியாது 1930 என்னும் எண்ணில் புகார் செய்ய வேண்டும். விரைந்து சொன்னால், பணம் கைமாறுமுன் நிறுத்திவைக்க வழியுண்டு.

‘ஒரே சொடுக்கில் வேகம் பெருக்கும்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களும் பெரும்பாலும் தேவையற்றவை. மேலே கூறிய சோதனைகள் அனைத்திற்கும் கணினியிலேயே உள்ள வசதிகளும், நம்பிக்கையான இலவச மென்பொருள் ஒன்றும் போதுமானவை.

பிரதியே பெரும் காப்பு

2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். வயல்களோடு வீடுகளும் நீரில் மூழ்கின. தரையில் வைத்திருந்த எந்தப் பொருளும் அன்று தப்பவில்லை. எந்தச் சோதனையில் எவ்வளவு நல்ல எண் பெற்ற கணினியும் வெள்ளத்தின் முன் ஒன்றும் செய்ய இயலாது. பயிர்க் காப்பீட்டுக்கும் நிவாரணத்திற்கும் பத்திரங்கள் வேண்டியிருப்பதும் அதே மழைக்காலத்தில்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே முக்கியமானவற்றிற்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஒன்று கணினியில், ஒன்று தனி வட்டிலோ விரலியிலோ, பிளாஸ்டிக் உறையிலிட்டு உயரமான இடத்தில், மற்றொன்று வீட்டிற்கு வெளியே, வேறோர் ஊரில் உள்ள மகன் அல்லது மகளின் கணினியிலோ, இணையச் சேமிப்பிலோ. எடுத்த பிரதி திறக்கிறதா என்று திறந்து பார்ப்பதும் சோதனையின் ஒரு பகுதியே. எண்ணிப் பாராத கையிருப்பு, கையிருப்பாகாது. கணினி நனைந்துவிட்டால், திறந்துதான் பார்ப்போமே என்று மின்சாரம் கொடுத்துவிடலாகாது. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் பிழைக்கக்கூடிய வட்டும் கெடும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று ஒப்புதல் அளித்தது. அதற்கென 2,516 கோடி ரூபாய் வகுக்கப்பட்டது. சங்கத்தின் கணக்கு கணினிக்குச் செல்லும் காலத்தில், அங்கத்தினரின் கணக்கும் அவர் வீட்டுக் கணினியில் பத்திரமாக இருத்தல் வேண்டும். இரு தரப்பு ஏடும் ஒத்திருந்தால்தான் தவறு நேர்ந்த இடத்தில் திருத்த முடியும்.

மேட்டூர் அணை திறப்புக்கு மரபாகக் குறிக்கப்பெற்ற நாள் ஜூன் 12. அதற்கு முன்பே வாய்க்கால்களைத் தூர் வார வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். கணினிக்கும் அவ்வாறே ஆண்டில் இரண்டு நாட்களைக் குறித்துக்கொள்ளலாம்: கோடையின் இறுதியில் ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் ஒன்று. சங்கக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கத்தினர்கள் தங்கள் மடிக்கணினிகளைக் கொண்டுவரச் செய்து, ஊரில் கணினி பயின்ற இளைஞர் இருவரைக் கொண்டு சோதிக்க ஏற்பாடு செய்யலாம். மாற்று வட்டு தேவைப்படுவோர் பத்துப் பேர் இருப்பின், ஒருங்கே வாங்கினால் விலையும் குறையும். தனியாக வாங்குபவனைவிடச் சேர்ந்து வாங்குபவனுக்குப் பலம் மிகுதி என்பது நூலுக்கும் உரத்திற்கும் மட்டுமா பொருந்தும்?

ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேதி, திறக்க ஆகும் நேரம், வட்டின் நிறம், காலி இடம், மின்கலத்தின் விழுக்காடு, கடைசியாகப் பிரதி எடுத்த நாள் ஆகிய ஆறு குறிப்புகள் போதும். இரண்டு ஆண்டுகளின் குறிப்பு கையில் இருந்தால், ‘புதிது வாங்குங்கள்’ என்று சொல்பவரிடம் ‘ஏன்?’ என்று கேட்கும் தைரியம் அங்கத்தினருக்கு உண்டாகும். ஏடு வைத்திருப்பவனை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது என்பதே கூட்டுறவு நமக்குக் கற்பித்துள்ள பாடம். அப்பாடத்தை வீட்டுக் கணினி வரையிலும் கொண்டுசெல்ல அங்கத்தினர்கள் முன்வருவார்களாக.